அறிவியல் ஃபோல்டர்

ஜூலை 8, செவ்வாய்

‘நான்தான் சார்’ என்று இன்று சொல்லவில்லை.

எங்கள் மேலாளர் ஜெயராம் சார் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ரெக்கார்டர் கார்டை அழிக்கிறதுக்கு முன்னாடி காப்பி பண்ணீங்களா இல்லையா, ரோஸ்லின்?”

“பண்ணேன் சார்… பண்ண மாதிரிதான் ஞாபகம்.”

அந்த ‘மாதிரி’யைக் கேட்டதும் நான் வாயைத் திறந்திருக்கலாம். தண்ணீர் குடித்தேன்.

நடந்ததை இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் அலுவலகம் எங்களுடையது. ரோஸ்லின் அக்கா வாசிக்கிறாள், நான் திருத்தித் தொகுக்கிறேன். போன வாரம் கணினிகளை மாற்றினார்கள். பழையதில் ஒரு ஃபோல்டரை அதே பெயருள்ள இன்னொன்றின் மேல் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஆறு வருடப் பழக்கம். புதியதில் சேராது, வந்தது நிற்கும், இருந்தது போய்விடும். வேறொரு வகுப்புக்காக நான் திருத்திய இரண்டு பாடங்கள் இருந்த ‘அறிவியல்’ ஃபோல்டரை, பொது டிஸ்கில் இருந்த ‘அறிவியல்’ மேல் இழுத்துப் போட்டேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. ‘ரிப்ளேஸ்’ அழுத்தினேன். அங்கே இருந்த அக்காவின் ஏழு பாடங்களும் போயின. குப்பைத்தொட்டியிலும் இல்லை. பொது டிஸ்கில் அழிவது அங்கே வராதாம். அதையும் பிறகுதான் படித்தேன்.

வாரம் ஒரு நாவல் முடிக்கிறவள் நான். இரண்டு வரி படிக்கவில்லை.

ஜூலை 9

மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் மூன்றைப் போட்டுப் பார்த்தேன். கிடைத்தது ஒரு இருமல், நான்கு விநாடி.

ஜூலை 11

அக்கா முதல் பாடத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். தெருவில் சத்தம் எழும்புமுன் பதிவு செய்ய, தன் வீடிருக்கும் லோத்குண்டாவிலிருந்து ஏழு மணிக்கே வந்துவிடுகிறாள். தொண்டை கட்டியிருக்கிறது. ஃபிளாஸ்கில் மிளகுப் பால் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“கைக்கு மா, எதுக்கு உனக்கு இந்தத் தொந்தரவெல்லாம்?” என்றாள், வழக்கமான உருது கலப்போடு. “இந்த ஆபீஸ்ல நீ ஒருத்திதான் என்னைச் சந்தேகமா பாக்கல.”

சொல்லுடி சுபா. இப்பவே சொல்லு. — சொல்லல. பால் ஆறிடும், குடிங்கக்கான்னு சொன்னேன். என்ன ஜென்மம் நான்?

ஜூலை 14, திங்கள்

அக்காவின் மூன்று மாதச் சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தர வேலைக்கான கடிதம் இப்போது வராதாம். “இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்” என்றாராம் சார். எனக்குக் கடிதம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. என்னை அனுப்ப மாட்டார்கள், அதிகம் போனால் திட்டுவார்கள். அப்படியானால் எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்? ‘சுபாவைக் கேளு, அவளுக்குத் தெரியும்’ — இந்த ஒன்றைத்தான்.

ஜூலை 16

இன்றும் இல்லை.

ஜூலை 17

சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: “காலைல பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டு, கேஸை மூடினேனான்னு பாக்க வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். மூடித்தான் இருந்துச்சு. நாப்பத்திநாலு வயசுல இப்பிடியா சுபா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

ஜூலை 18, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சார் கத்தவில்லை. “பத்து நாளா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு.”

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு முழுவதும் கேட்டாள்.

“ஹவ்? நிஜமா நீயா?”

“ஆமாக்கா.”

“பாடம் போனா போகுது, திரும்பப் படிச்சுக்கலாம். நேத்து சாயங்காலம் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன், தெரியுமா? ஞாபகம் போகுதுன்னு. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேனா? பால் வேற கொண்டாந்து குடுத்தே…”

மன்னிச்சிருங்கக்கா என்றேன்.

“நக்கோ மா, வேணாம். இப்ப ஒண்ணும் பேசாதே. எனக்கு ஒரு பாடம் பாக்கி இருக்கு.”

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அக்காவுக்குக் கடிதம் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தாள், எனக்கும். ஏழு பாடங்களும் பள்ளிகளுக்குப் போய்விட்டன.

மதியம், எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தபடியே ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். ‘எட்டாம் பாடத்தைப் பொது டிஸ்கில் வைத்திருக்கிறேன். கிடைத்தது என்று பதில் எழுதவும்.’ நகல், ஜெயராம் சாருக்கு.

கிடைத்தது என்று எழுதினேன்.