என் அளவு

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகியும் யூனிஃபார்ம் தையல் தீரவில்லை. இடையில் ஒரு டீச்சர் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். டேப்பை இடுப்பில் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். "மூச்சு விடுங்க டீச்சர், இல்லன்னா இந்த ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு பாடம் நடத்த முடியாது" என்றேன். சிரித்துவிட்டார்.

காரிமங்கலத்தில் பதினாறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். டேப்பை எடுத்தால் மன்னிப்புக் கேட்காத பெண் ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. ஒல்லியாக இருப்பவள், "எனக்கு ஒண்ணுமே இல்லக்கா" என்பாள். பருமனாக இருப்பவள், "போன மாசம் இவ்வளவு இல்லக்கா" என்பாள். துணிதான் உடம்புக்குப் பொருந்தணும் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை. நான்கு வருடமாகப் புது ஜாக்கெட் தைக்கவில்லை. பழையதன் பக்கத் தையலைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். மற்ற நேரமெல்லாம் நைட்டி, மேலே துப்பட்டா.

ஜூன் 14, சனி

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு பாக்கெட் மிக்சர் முழுவதையும் தின்று தீர்த்தேன். கடைசிப் பிடி ருசிக்கவே இல்லை. அதற்கு முன்னால்தான் பக்கத்து டிபன் கடை கோவிந்தம்மா அக்கா சாப்பிடக் கூப்பிட்டதற்கு, விரதம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். சனிக்கிழமை பெருமாள், திங்கள்கிழமை சிவன். என் விரதங்களுக்குச் சாமிகள் போதவில்லை.

ஜூன் 26, வியாழன்



பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். என் மகள் வெண்மதி விளையாட்டு பீரியடில் மயங்கி விழுந்துவிட்டாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை, ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். நான் போகும்போது ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தம் மிகவும் குறைவு என்றார் டாக்டர். "காலையில என்ன சாப்பிட்டா?"

நாலு இட்லி, டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுத்தேன் என்றேன். வெண்மதி சுவரைப் பார்த்தாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து அவள் பையைக் கவிழ்த்தேன். நியூஸ் பேப்பரில் சுற்றிய நாலு இட்லி. அதற்கடியில் நேற்றையது நாலு, புளித்துப்போய். எத்தனை நாளாக? டிபன் பாக்ஸ் கழுவி வருகிறது என்று பெருமைப்பட்டேனே — நானெல்லாம் என்ன அம்மா?

ஜூன் 27, வெள்ளி

திட்டக் கூடாது என்று காலையிலிருந்தே எனக்குச் சொல்லிக்கொண்டேன். தலை வாரும்போது மெதுவாகக் கேட்டேன்.

"ஏன் கண்ணு சாப்பிடல?"

"நீயுந்தான் சாப்பிடறதில்ல."

"எனக்கு உடம்பு போட்டிருக்குடி."

"எனக்கும் போடுமில்ல. எல்லாரும் நான் உன்ன மாதிரியே இருக்கேன்னு சொல்றாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். பின்னலை முடிக்க முடியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டு விசேஷம். என் நாத்தனார் ராதிகா போட்டோவைப் பார்த்து, "அண்ணி நின்னா பின்னாடி இருக்கற யாருமே தெரியல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நான்கு பேர் முன்னால் வாயில் சோறு வைத்ததில்லை. அது எனக்கு மட்டும் விழுந்த அடி என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அன்றைக்கு வெண்மதிக்கு ஒன்பது வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

டாக்டர் சொன்னபடி தர்மபுரிக்குப் போய் மனநல ஆலோசனை சொல்லும் மேடத்தைப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் மாதேஷும் லாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். மேடம் வெண்மதியிடம் ஏதேதோ பேசினார். பள்ளிக்கூடம், தோழிகள், பிடித்த பாடம். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"நீங்க நேத்து என்ன சாப்பிட்டீங்க மணிமேகலை?"

வெண்மதிதான் சொன்னாள். "மிக்சர். கடைக் குப்பக் கூடையில கவர் பாத்தேன்."

இவள் எனக்காகக் குப்பையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் இவள் பையைப் பார்க்கவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். மேடம் அழ விட்டார். பிறகு சொன்னார்: மூன்று வேளையும் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பிட வேண்டும். எடை மெஷின் வேண்டாம். யார் உடம்பைப் பற்றியும் வீட்டில் பேச்சு வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரவேண்டும். "மருந்து பாப்பாவுக்கு, சாப்பாடு ரெண்டு பேருக்கும்" என்றார்.

ஜூலை 2, புதன்

ராகிக் களியும் கீரைக் கடைசலும். மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். வெண்மதி களியை உருட்டிக்கொண்டே இருந்தாள். நானும் உருட்டினேன்.

மாதேஷ் ஐந்து நிமிடத்தில் தின்றுவிட்டு எழுந்திருக்காமல் கதையை ஆரம்பித்தார். தொப்பூர் கணவாயில் லாரியை ஓரங்கட்டி டயர் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு குரங்கு கேபினுக்குள் ஏறி, இவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டதாம். "ஓட்டிக்கிட்டுப் போயிருமோன்னு பயந்துட்டேன். போலீஸ் புடிச்சா லைசென்ஸ் எங்கன்னு என்னத்தான் கேப்பாங்க." வெண்மதி சிரித்த சிரிப்பில் தன்னை மறந்து இரண்டு உருண்டை விழுங்கிவிட்டாள். நான் மூன்று. ஐம்பது நிமிடம் ஆனது. தட்டு காலி.

கதை பொய். அவர் கண்ணாடி போடுவதே இல்லை.

ஜூலை 12, சனி

மோசமான நாள். தோசை கருகிவிட்டது என்று வெண்மதி தள்ளி வைத்தாள். நான் கத்தினேன். கோபத்தில் நானும் சாப்பிடவில்லை. சாயந்திரம் மாதேஷ் ஓசூரிலிருந்து போன் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி வுடு. அடுத்த வேளைக்கு உக்காருங்க" என்று மட்டும் சொன்னார்.

உட்கார்ந்தோம். ரசம் சாதம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ராதிகா குடும்பத்தோடு வந்திருந்தாள். நுழையும்போதே வெண்மதியின் கன்னத்தைப் பிடித்து, "இளைச்சு அழகா ஆயிட்டியேடி" என்றாள். பிள்ளையின் கண் மின்னியதைப் பார்த்தேன். ஒரு மாதப் பாடு, ஒரே வார்த்தையில் போய்விடும்.

"ராதிகா, எங்க வூட்டுல உடம்பப் பத்திப் பேசறதில்லன்னு முடிவு பண்ணிருக்கோம்."

"நல்லதுதான அண்ணி சொன்னேன்?"

"நல்லதும் வேணாம். பாயசம் ஊத்தட்டுமா?"

சொன்னது நான்தானா? ராதிகா முகத்தைத் தூக்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சமையல்கட்டுக்குள் வந்தாள். மாமியார் வீட்டில் அவள் தட்டில் விழுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம், பாயசம் குடித்து ஒரு வருடம் ஆகிறதாம். டம்ளரை நீட்டினாள். "நெறையா ஊத்துங்க அண்ணி." கதவுக்குப் பின்னால் நின்று குடிக்கப் போனவளைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்து உட்கார வைத்தேன். வெண்மதி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோவிந்தம்மா அக்கா கடை பெஞ்சில், தெருவைப் பார்த்து உட்கார்ந்து, நாலு பணியாரம். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஏ மணி, இன்னிக்கு எந்தச் சாமிக்கும் விரதம் இல்லியா?"

"எல்லாச் சாமியும் லீவு குடுத்துட்டாங்க அக்கா."

போகிற வருகிறவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் வேலை. நான்கு வருடமாக யார் பார்க்கிறார்கள் என்று பயந்தேன்?

செப்டம்பர் 14, ஞாயிறு

வெண்மதி டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "கைய விரிம்மா." ஊரையே அளந்த எனக்கு, அளவு கொடுக்க நின்றபோது கூசியது. கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல ஒவ்வொரு அளவையும் சத்தமாகச் சொல்லி எழுதினாள். அவள் குரலில் ஆச்சரியமும் இல்லை, பரிதாபமும் இல்லை. வெறும் எண்கள். முன்னால் எனக்கு அவை வெறும் எண்களாக இருந்ததில்லை.

மாம்பழ மஞ்சளில் ஜாக்கெட் வெட்டி, இன்றே தைத்துப் போட்டும் பார்த்தேன். அழகாக இருக்கிறேனா? தெரியவில்லை. கையைத் தூக்கினால் இழுக்கவில்லை. அக்குள் அறுக்கவில்லை. நான்கு வருடமாக நான் இழுத்துக்கட்டியது யாரை? சுகமாக இருக்கிறது. இந்தக் கையால் இவ்வளவு நல்ல ஜாக்கெட் தைக்க முடியும் என்பது எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளித் துணி கழுத்துவரை. மெஷின் சத்தத்தை மீறி வெண்மதி வாசலில் நின்று கத்தினாள்: "ம்மா, பசிக்குது."

மெஷினை நிறுத்தி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நவம்பர் 11, செவ்வாய்

ரத்தம் ஏறியிருக்கிறது. இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றார் மேடம். திரும்பி வந்து காரிமங்கலத்தில் இறங்கியதும் இளநீர் குடித்தோம். சில நாட்கள் கண்ணாடி முன்னால் இன்னும் முகம் சுளிக்கத்தான் செய்கிறேன், அவளும்தான். ஆனால் அடுத்த வேளைக்கு உட்கார்ந்துவிடுகிறோம்.

டிசம்பர் 28, ஞாயிறு

அரையாண்டு லீவு. மூன்று பேரும் பஸ் ஏறி ஒகேனக்கல் போனோம். அருவியில் நின்று உடம்பெல்லாம் சிவந்துபோனது. பரிசலில் போகும்போது வெண்மதி பயத்தில் என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பெரிய பிள்ளை, தொடை மரத்துப்போனது.

கரைக்கு வந்ததும் கொலைப் பசி. மூன்று பேருக்கும் மீன் வறுவல் வாங்கினோம். எனக்கு வந்த வால் துண்டு நன்றாக முறுகியிருந்தது. மற்றதை எல்லாம் தின்றுவிட்டு அதைக் கடைசிக்கென்று தட்டோரத்தில் வைத்திருந்தேன். வெண்மதி தன்னுடையதை முடித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஒரு வார்த்த கேக்க மாட்டியாடி?"

"நீ சாப்பிட மாட்டேன்னு நெனச்சேன்."

"யாருடி சொன்னது?"

மாதேஷ் சிரித்துக்கொண்டே எழுந்துபோய் இன்னொரு தட்டு வாங்கி வந்தார். அதில் வால் துண்டு இல்லை. பஸ்ஸில் வரும்போதும் அதையே சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டோம்.