யார் கையும் படாத தட்டு

மயிலாப்பூர்,
3.5.94, செவ்வாய் இரவு

அன்புள்ள மதுவுக்கு,

சகினா எழுதிக்கொள்வது. மைசூரில் பெரியம்மா வீட்டில் எல்லாரும் சுகம்தானே? இங்கே எல்லாரும் தூங்கிவிட்டார்கள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி டின் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் மியூசியத்தில் கொடுத்த வேலை என்று சொல்லிக்கொள்வேன்.

நேற்று முதல் நாள். அடையாறு பாலம் தாண்டி இறங்கினால் ஐந்து நிமிட நடை. பழைய பங்களாதான் மியூசியம். எங்களை மாதிரி சிறுபான்மைப் பிள்ளைகள் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் கான்வென்ட். அவர்களுக்குள் இங்கிலீஷில் பேசிச் சிரிக்கிறார்கள். நான் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன்.

சூடாமணி மேடம்தான் எங்களுக்குப் பொறுப்பு. வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருளை அளந்து, வரைந்து, வீட்டில் விசாரித்து, ஆறு வாரத்தில் ஆளுக்கொரு ஆய்வு எழுத வேண்டும். கடைசி நாள் கண்காட்சி. எங்கள் பெரிய செம்புத் தட்டை அத்தாவே போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். "எம்மவ எழுதுன கட்டுரைக்குத்தாம்மா எடம் கொடுத்தாங்க" என்று வாட்ச்மேனிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மது, அது நீ எழுதின கட்டுரை. விண்ணப்பத்துக்கு இரண்டே நாள் இருந்ததால் நீ இங்கிலீஷில் எழுதித் தந்தாய். நான் சாப்பாட்டு பீரியடில் அப்படியே பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாதி வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. இன்று மேடம் எல்லார் கட்டுரையையும் தமிழில் சொன்னார்கள். 'எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் இந்தப் புனிதத் தட்டை யாரும் கையால் தொடுவதில்லை. வியாழன்தோறும் சாம்பிராணி காட்டி வணங்குகிறோம்.' எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லையே!

ஏன் அப்படி எழுதினாய்? உடனே பதில் போடு.

உன்
சகினா

*

மைசூர்,
10.5.94

என் அசட்டு சகினா,

நன்னா பயந்தே போ! இங்கே வருகிற கடிதத்தை எல்லாம் பெரியம்மா பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருகிறாள். "யாருடீ அது, அரிசி டின் மேல உக்காந்துண்டு அழறது?" என்று கேலி வேறு. இனிமேல் ஜாக்கிரதையாக எழுது.

நான் என்ன பொய்யா எழுதினேன்? நாலாம் வகுப்பிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எப்போது வந்தாலும் அந்தத் தட்டு ஆணியில் பளபளவென்று தொங்குகிறது. ஒருநாள்கூட யாரும் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் அம்மா சாம்பிராணித் தூபக்காலை அதற்கு முன்னால் கொண்டுபோனதை என் கண்ணாலேயே பார்த்தேன். எங்காத்துல பெருமாளுக்குக் காட்டுகிற மாதிரியேதான் இருந்தது. வேறு எதற்குக் காட்டுவார்களாம்?

மியூசியத்தில் என்னென்ன இருக்கிறது? ஓலைச்சுவடி உண்டா? உங்களையே பிரித்துப் பார்க்க விடுகிறார்களா? எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது. இங்கே எனக்குக் காலையிலும் பாட்டு, மாலையிலும் பாட்டு. போரடிக்கிறது.

மதுவந்தி

*

மயிலாப்பூர்,
17.5.94, இரவு

அன்புள்ள மது,

இதைப் பெரியம்மா படித்தாலும் பரவாயில்லை. வேறு வழி இல்லை.

சாம்பிராணி வீடு முழுக்கத்தான் போடுவோம், வாசனைக்கு. கூடம், அறை, கட்டிலுக்குக் கீழே எல்லா இடத்துக்கும் அம்மா கொண்டுபோவாள். நீ கூடத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தாய், அதனால் அதை மட்டும் பார்த்தாய். அல்லாவைத் தவிர எதையும் நாங்கள் வணங்கக் கூடாது, மது. ஒரு தட்டை வணங்குகிறோம் என்று எழுதிக் கீழே என் பெயர் இருந்தால் அது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய பாவம் என்று உனக்குத் தெரியாது.

அது சாப்பாட்டுத் தட்டு. சகன் என்போம். விசேஷ நாளில் நடுவில் சோற்றைக் கொட்டி, மேலே கறி வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவோம். யார் கையும் படாத தட்டு இல்லை, எல்லார் கையும் படுகிற தட்டு.

இதை உன்னிடம் ஆறு வருஷமாக நான் சொல்லவில்லை. நீ வருகிறாய் என்றால் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துச் சுவரில் மாட்டிவிடுவாள். "அய்யங்காரூட்டுப் புள்ள. கறி தின்ன தட்டுன்னு தெரிஞ்சா நாளைக்கு வராதுடி." நீ போனதும் இறக்கிவிடுவாள். நீ வராமல் போய்விடுவாயோ என்று எனக்கும் பயம். அதனால் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்தக் கட்டுரையிலிருந்து நாலு வரி எடுத்து, தட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் அச்சடிக்கப் போகிறார்கள். ஜூன் 11 கண்காட்சி. அத்தா பள்ளிவாசல் ஜமாத்தில் எல்லாரையும் அழைத்திருக்கிறார். தலைவர் கலீமுல்லா மாமாவே வருகிறாராம்.

இன்று மேடத்திடம் போய், தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "உன் வீட்டுத் தட்டு எதுக்குன்னு உனக்கே எப்படிம்மா தப்பாத் தெரியும்?" என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீ சொல்கிற மாதிரி செய்கிறேன்.

சகினா

*

மைசூர்,
25.5.94

சகினா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நல்லவேளை, பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தாள்.

ஆறு வருஷம்! நான் வருவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் ஒரு நாடகம் நடந்திருக்கிறது. நான் போனதும் திரை விழுந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் வந்திருப்பேனா என்று நீ நினைப்பது புரிகிறது. வந்திருப்பேன். வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சொல்லாதே, சகினா. விண்ணப்பத்தில் நம் ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்து இருக்கிறது. விஷயம் பள்ளிக்கூடம் வரைக்கும் போனால் அப்பா என்னை வீட்டை விட்டே வெளியே அனுப்ப மாட்டார். பயத்தில் உளறிவிட்டேன் என்று சொல்லி அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொல். தட்டை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

நோட்டீஸ் போர்டில் அந்த அறிவிப்பை முதலில் பார்த்தது நான்தான். நமக்குள் மியூசியம் என்றால் யாருக்குப் பைத்தியம்? கடைசி வரி வரைக்கும் படித்த பிறகுதான் அது சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு மட்டும், எனக்கு இல்லை என்று தெரிந்தது. உனக்கு எழுதிக் கொடுத்தது உதவி மட்டும் இல்லை. என் எழுத்தாவது அந்தக் கட்டடத்துக்குள் போகட்டும் என்று நினைத்தேன். அதையும் கிழித்துப் போட்டுவிடாதே.

ஜூன் 8 ஊருக்கு வருகிறேன்.

மது

*

மயிலாப்பூர்,
11.6.94, சனி இரவு

அன்புள்ள மது,

நான் மேடத்திடம் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகு நாலு நாள் தூங்கவில்லை. அந்த ஒரு வரியை எடுத்தாலும் மிச்சமிருப்பது எங்கள் வீடு இல்லை, மது. ஐந்தாம் நாள் போய், கட்டுரை நான் எழுதினதில்லை என்றேன்.

"பின்ன யாரு எழுதினது?"

"ஃப்ரெண்டு, மேடம்."

"பேரு?"

சொல்லவில்லை. பேரைச் சொன்னால் சான்றிதழுக்கு ஏதாவது வழி பார்க்கலாம் என்றார்கள். அப்போதும் சொல்லவில்லை. ஆய்வை முடிக்கலாம், சான்றிதழ் கிடையாது, அட்டையில் பெயரும் கிடையாது என்று முடிவு செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு எழுத மாட்டார்கள். கேட்டு உறுதி செய்துகொண்டேன். நீ பயப்பட வேண்டாம்.

அட்டையைப் புதிதாக என்னையே தமிழில் எழுதச் சொன்னார்கள். கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "இது வேணுமாம்மா?" என்றார்கள். "விசாரிச்சு எழுதச் சொன்னீங்களே மேடம், வீட்டுல நடக்கறது இதுதான்" என்றேன். அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று ஜமாத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். கலீமுல்லா மாமா சத்தமாகப் படித்துவிட்டு, "அட, நம்மூட்டு சகன்! இதுக்கும் கண்ணாடிப் பொட்டியா!" என்று சிரித்தார். அத்தாவும் சிரித்தார். எல்லாரும் போன பிறகு அட்டைக்குப் பக்கத்தில் குனிந்து தேடினார். "ஒம் பேரு எங்கம்மா?" இடம் போதவில்லை என்றேன். மற்ற ஏழு அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நான்கு மணிக்கு நீ வந்தாய். நான் சுவடிகள் இருக்கும் அறையில் நின்றிருந்தேன். நீ உன் அம்மாவோடு நேராகத் தட்டிடம் போனாய். அட்டையைப் படித்தாய். 'சகன். நால்வர் சுற்றி அமர்ந்து உண்ணும் செம்புத் தட்டு. சில விருந்தினர் வரும்போது கழுவிச் சுவரில் மாட்டப்படும்.' கடைசி வரியில் வெகுநேரம் நின்றாய். உன் அம்மா என்னவோ கேட்டார்கள். நீ என்னவோ சொன்னாய். அவர்கள் உன் கையைப் பிடித்து வேகமாக அழைத்துக்கொண்டு போனார்கள். வாசலில் நீ ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். நான் கூப்பிட்டிருக்கலாம்.

சுவடி பற்றிக் கேட்டிருந்தாய். இருக்கிறது. எங்களைத் தொட விடுவதில்லை. ஓரம் எல்லாம் பூச்சி அரித்து, பார்க்க நீ வரையும் மேகம் மாதிரி இருக்கும்.

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. விடிந்ததும் நானே ராஜா அண்ணாமலைபுரம் வந்து உங்கள் கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். மணி அடிக்க மாட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். நான் சீக்கிரம் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ வகுப்புக்குள் வரும்போது நம் பெஞ்ச் காலியாகத்தான் இருக்கும். எங்கே உட்காருவது என்று உனக்குச் சங்கடம் வேண்டாம்.

சகினா