பச்சைத் துணிக்குப் பின்னால் எங்க தெரு

செவ்வாய், பௌர்ணமிக்கு மறுநாள்.

பிரதமர் பதவியேற்று ஒரு வருஷமாம். மாசத்துக்கு ஒரு சாதனைப் படம் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கணும்னு கட்சிக்காரர் நான் டிசைன் பண்ற கடைக்கு வந்தார். ஆறாம் மாசத்துக்கு, பிரதமர் கிரிவலம் வந்த படம்.

அன்னைக்கு கிரிவலப் பாதையில, அடி அண்ணாமலையில இருக்கற எங்க தெரு அவர் கண்ணுல படக்கூடாதுன்னு பச்சைத் துணி கட்டி மறைச்சாங்க. படத்துலயும் அந்தத் துணி.

"அசிங்கமா இருக்கு தம்பி. எடுத்துட்டு மரமா போட்டுடு."

"துணிக்குப் பின்னாடி எங்க வீடுண்ணே."

"அதான் தெரியலையே, அப்புறம் என்ன?"

கம்ப்யூட்டர்ல போட்டேன். ஏழு வேப்பமரம். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. சூப்பர்னு தோளைத் தட்டினார்.

போர்டை எங்க தெருமுனையிலதான் கட்டப்போறாங்களாம். இருபதடி அகலம். தெரு மறுபடியும் மறைஞ்சுடும். இந்த வாட்டி மறைச்சவன் நான்.