ஓரத்தில் எழும் முகடு

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். சின்னவளின் கைக்கட்டை நேற்று அவிழ்த்துவிட்டார்கள். விரல்களை மடக்கி நீட்டுகிறாள். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இப்போதெல்லாம் அழைத்தால், ஓர் அணு கனமே உள்ள அந்தக் கரிப்படலம், உங்கள் கிராஃபீன், அதைத் தவிர வேறு பேச்சே உங்களுக்கு இல்லை.

உங்கள் கம்பெனி எங்கள் சோதனைக்கூடத்துக்கு மூன்றாவதாக அனுப்பிய படலத்தையும் அளந்துவிட்டேன். பச்சை லேசரைப் படவைத்து, சிதறி வரும் ஒளியைப் பிரித்து வரைகோடாக்கிப் பார்த்தேன். நடுவில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: ஒற்றை அடுக்குக்கு உரிய முகடு ஒல்லியாக, உயரமாக நிற்கிறது, குறையைக் காட்டும் முகடு இல்லவே இல்லை. இடது ஓரத்துக்குப் போனாலோ அந்தக் குறை முகடுதான் முந்திக்கொண்டு தலைநீட்டுகிறது. மூன்றிலும் அதே ஓரம். படலத்தை வளர்க்கும் உலையில், அந்த ஓரம் இருக்கும் வாய்ப்பக்கம் சூடு நிற்கவில்லை என்று முதல் தடவையே சொன்னேன். உங்கள் முதலாளியிடம் எடுத்துச் சொன்னீர்களா, தலையாட்டிவிட்டு வந்தீர்களா?

நேற்று அழைத்து, “நடுவுல மட்டும் அளந்து குடும்மா, யாரு கேக்கப் போறாங்க” என்றீர்கள். குரல்தான் உங்களுடையது, வார்த்தை அவருடையது. பக்கத்தில் நின்று அவர் இருமியதும் கேட்டது. ஒரே ஆய்வகத்தில் படித்த நாளில், ஒரு புள்ளியில் சந்தேகம் வந்தாலும் முழுப் படலத்தையும் மறுபடி அளக்கவைத்து என் உயிரை வாங்கியவர் நீங்கள். அந்த ஆளை எங்கே தொலைத்தீர்கள்?

இந்தப் படலம் இதய நோயாளிகளின் மார்பில் ஒட்டும் உணரிக்குள் போகிறது. ஓரத்தில் வெட்டிய துண்டும் யாரோ ஒருவர் மார்பில்தான் ஒட்டும். அவருடைய துடிப்பு தடுமாறும் நேரத்தில் அது வாய்மூடிக் கிடந்தால் என்ன செய்வது?

இன்று காலை, ஓரத்தையும் சேர்த்து முழு வரைபடத்தோடு அறிக்கையில் கையெழுத்திட்டேன். எங்கள் மேலாளர் தயங்கி, “உங்க வீட்டுக்காரர் கம்பெனியாச்சேம்மா” என்றார். “அதனாலதான் சார் ரெண்டு தடவை அளந்தேன்” என்றேன். உங்கள் அலுவலகத்துக்கும், படலத்தை வாங்கும் நிறுவனத்துக்கும் அது போய்விட்டது.

உங்கள் வேலைக்கு இதனால் ஆபத்து வரலாம். போனால் போகட்டும் என்று எழுதக் கை வரவில்லை. அந்த உலைக்காக நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் வேறு எதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அதன் பிறகு உங்கள் முகத்தை என்னால் பார்த்திருக்க முடியாது.

அறிக்கை கிடைத்ததும் என்மேல் கோபம் வரும். வரட்டும். உங்கள் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது மட்டும் என்னை அழைக்காதீர்கள். நேரே வண்டி ஏறி வந்துவிடுங்கள். வேலையோடு வந்தாலும் சரி, இல்லாமல் வந்தாலும் சரி. சண்டை போடுவதற்காவது எதிரில் உட்காருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நல்லபடியாக வந்து சேருங்கள்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மனைவி