நடுத் துளையில் போட்டேன், அண்ணா

இன்று காலை கொட்டாஞ்சேனைக் கராஜில், பள்ளிச் சப்பாத்துக்குப் பூசும் வெள்ளைப் போத்தலைத் திறந்தேன். அந்தச் சுண்ணாம்பு மணத்தோடு நீங்கள் வந்துவிட்டீர்கள், அண்ணா. வந்த கையோடு சிரிக்கவும் தொடங்கிவிட்டீர்கள்.

கொழும்பின் இராணுவச் சோதனைச் சாவடிகளில் தமிழ்ப் பிள்ளையாக வாய் திறக்கப் பயந்து நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, அந்தப் போத்தல் சும்மா கிடந்தது. வளைவில் எது கூடத் தேய்கிறது என்று பார்க்க, உங்கள் ரேஸ் காரின் நான்கு டயர்களின் ஓரத்திலும் ஒருநாள் அதைப் பூசினேன். களனிப் பக்கத்துப் பழைய ஆலையின் சீமெந்து முற்றத்தில் நீங்கள் சில சுற்று ஓடி நிறுத்தியபோது, முன் டயர்களில் வெள்ளை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. பின் டயர்களில் பூசியபடியே இருந்தது.

“முன்னுக்குப் போட்ட ஸ்வே பார் தடிப்புக் கூடிப்போச்சு அண்ணா. அதுதான் வளைவில மூக்கு வெளியால ஓடுது. பின் பாரை இறுக்குங்கோ.”

“பின்னுக்கு இறுக்கினா பம்பரம் மாதிரிச் சுத்தும். வீட்டுக்கு ஆக்கள் வந்தா கதவுக்குப் பின்னால ஒளிக்கிறவ எனக்குப் படிப்பிக்க வந்திட்டா!”

ஸ்வே பார் என்பது, வளைவில் கார் சாயாமல் இரு பக்கச் சில்லுகளையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு இரும்புக் கம்பி. அதற்காக மூன்று நாள் நாங்கள் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் நீங்கள் ஏறிய பஸ்ஸில் குண்டு வெடித்தது.

இன்று மத்தியானம் காரை வாங்க ஆள் வருவதாக மாமா சொல்லியிருந்தார். அதற்குள் என் பேச்சு சரியா என்று பார்த்துவிட வேண்டும் என்று, டயர்களுக்கு மறுபடி வெள்ளை பூசித் தனியாகவே களனிக்கு ஓட்டிப் போனேன். வழியில் எல்லாச் சாவடியிலும் நானே பதில் சொன்னேன்.

பின் பாரின் நுனியில், அதைச் சில்லோடு பூட்டுகிற போல்ட்டுக்கு மூன்று துளைகள். உள்ளே இருப்பதுதான் மிக இறுக்கம். உங்கள் மேலிருந்த கோபத்தில் நேரே அதில் போட்டேன். முதல் வளைவிலேயே கார் சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது. நீங்கள் சொன்ன பம்பரமேதான். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். பிறகு இறங்கி நடுத் துளைக்கு மாற்றினேன்.

இந்த முறை திருப்பிய பக்கம் மூக்கு போனது. பின் டயர் வெள்ளையும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. நானும் பிழை, நீங்களும் பிழை. ஆனால் நீங்கள்தான் என்னைவிடக் கூடப் பிழை.

வெள்ளவத்தை வீட்டு வாசலில் மாமாவும் வாங்க வந்தவரும் நின்றார்கள்.

“சாவியைக் குடுத்திட்டு உள்ள போ பிள்ளை,” என்றார் மாமா.

“விக்கேலாது. நான் ஓடப்போறன்.”

“ரேசிலயோ?” என்று வந்தவர் சிரித்தார்.

“ஓம்.”

குரல் நடுங்கியது. நடுங்கினால் என்ன, சொல்லிவிட்டேன். மாமா கதவருகில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே போய், காரின் பதிவுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

நெருக்கமான வளைவுகளில் மூக்கு இன்னும் சற்று வெளியே போகிறது. நாளைக்கு உங்கள் தடித்த முன் பாரைக் கழற்றிவிட்டு மெல்லியதைப் போடப்போகிறேன். காருக்குக் கீழே படுத்தால் உங்கள் ஏச்சு இப்போதும் கேட்கிறது. ஏசுங்கோ, அண்ணா. நான் கழற்றத்தான் போறன்.