பக்கத்து வீட்டுச் சாட்சி

டீச்சருக்கு,

தம்பானூர் லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாரிசு விசாரணை நல்லபடியாக முடிந்ததென்று என் வீட்டுக்காரி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். சில்லு தெறித்து என் கால்விரலைக் கிழித்தது. பிள்ளையாருக்குக் குறி தப்பாது.

அண்ணன் உயில் எழுதாமல் போய்ச்சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. மளிகைச் சீட்டுகூட நீங்கள்தானே எழுதுவீர்கள். அண்ணனுக்கும் உங்களுக்கும் இரண்டு வீடு, நடுவே மதில், மதிலில் ஒரு வாசல், இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. தாலி ஒன்றுதான் குறைவு. இதைச் சொல்லி எத்தனை கல்யாணப் பந்தியைச் சிரிக்க வைத்திருக்கிறேன்! உங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

வில்லேஜ் ஆபீசர் அக்கம்பக்கத்துச் சாட்சி கேட்டதும் நான்தான் உங்களைக் கைகாட்டினேன்.

"மரிச்ச ஆளுக்கு பாரியயோ மக்களோ உண்டோ?"

மனைவி உண்டா என்று அவர் கேட்டதும் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எதற்கும் வாயடிக்கிற நான், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"ஆரும் இல்ல சார். ஈ தம்பி மாத்ரம்."

அயல்வாசி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் வீட்டுச் சாவியையும் என்னிடமே தந்தீர்கள்.

"அந்த மதில் வாசல முதல்ல அடச்சிரணும், பாத்துக்கிடுங்க" என்றாள் வீட்டுக்காரி. அதற்கும் சிரித்து வைத்தேன்.

சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். வீடு என் பேருக்கு வந்ததும் உங்கள் பேருக்கு எழுதித் தருவேன். வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அடுத்த தேங்காய் என் தலையில்தான்.

கூப்பிட வேண்டிய முறையில் அண்ணன் இருக்கும்போதே நான் உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். மதினி, நீங்களாவது அந்த வாசலை அடைத்துவிடாதீர்கள்.

உங்கள் கொழுந்தன்