நடுவில் விழுந்த பந்து

பாஸ்கல்,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. மீன் கறி அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். கேட் சாவி உங்கள் ராக்கெட் பையில்தான். சாயங்காலம் கோலின் அண்ணன் வருவார், அடுத்த சீசன் பூப்பந்துக்கு ஜோடிகளின் பெயர் கேட்டு. கடைசி ஆட்டம் தோற்று வரும்போது காரில் என்னிடம், "வேற ஜோடி பாத்துக்கோலா" என்றீர்களே, அதை அவரிடமும் சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்.

விடியற்காலையில் ஒரு கனவு. நாம் ஆடும் செமோர் டேவான் மண்டபத்துக்குக் கூரையே இல்லை. மலைப்பனி உள்ளே இறங்கி வலைமேல் படுத்திருக்கிறது. யாரோ அடித்த பந்து மேலே போய், கீழே வர மனமில்லாமல் அப்படியே மிதக்கிறது. நீங்களும் நானும் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறோம். அவ்வளவு அழகு. பிறகு அது மெல்ல இறங்கி, நம் இருவருக்கும் நடுவில் விழுந்தது.

விழித்த பிறகுதான் புரிந்தது. என் பேக்ஹேண்டும் காரணமில்லை, உங்கள் முட்டி வலியும் காரணமில்லை. சீசன் முழுக்க நாம் தோற்றது அந்த நடுவில்தான். பந்து மேலே இருக்கும்போது ஒருவராவது "எனக்கு" என்று கத்தியிருக்கிறோமா? விழுந்த பிறகு மட்டும்,

"உங்க பந்துதானே?"

"உன் பந்துலா!"

அடுத்த சீசனில் முதலிலேயே கத்துவோம். கோலின் அண்ணனிடம் நம் பெயரையே கொடுங்கள்.

ஐவி

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: ஐஸ்பெட்டியில் நேற்றுப் பொரித்த கறிபாப் பலகாரம் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது.

எனக்கு!